பெண் பார்க்க வந்த ஒயின்

பிள்ளைப்பாக்கத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் சபைப் பெண்கள் தங்கள் வீட்டு ஒயினை என்னிடம்தான் ருசி பார்க்கக் கொண்டுவருவார்கள். பன்னீர் திராட்சை, சர்க்கரை, நாலு கிராம்பு போட்டு ஜாடியில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டுவோம். அடியில் மண்டி தெரிந்தால் அந்த வீட்டுக்காரி சோம்பேறி. நாக்கில் இனிக்காவிட்டால் கெட்டுப்போனது. எனக்கு இந்த இரண்டே சட்டம்தான். மதுவிலக்குக் காலம் என்பதால் என் தீர்ப்பெல்லாம் சமையலறைக்குள்ளேயே நடக்கும்.

அறுபதுகளின் கடைசியில் என் தங்கையைப் பெண் பார்க்க, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒருவர் தன் தாயாரோடு வந்தார். கப்பலில் பரிமாறும் வேலை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லாததால் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவள் நான். கப்பல்காரர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. துறைமுகத்துக்கு ஒரு குடும்பம் வைத்திருப்பார்கள் என்று கேள்வி. தங்கைக்கோ போட்டோவைப் பார்த்ததிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

அவர் துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தார். பிரான்ஸ் நாட்டுச் சிவப்பு ஒயின், இருபது வருஷம் பழையது, கேப்டன் கொடுத்தது என்றார்.

"பெரிய பணக்காரங்கதான் இத்த குடிப்பாங்க அக்கா. பஸ்ல கூட மடியில நிக்க வெச்சிக்கினு வந்தேன். ஆட்டிடாதீங்க."

ஆட்டாதே என்று ஏன் சொல்ல வேண்டும்? எதையோ மறைக்கிறார். உள்ளே கொண்டுபோய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பாக மண்டி இறங்கியது. நன்றாகக் குலுக்கினேன். மொத்தமும் கலங்கிவிட்டது.

திருப்பிக் கொடுத்தபோது அவர் அந்தக் கலங்கலைப் பார்த்தார். பிறகு தக்கையைத் திருகி எடுத்தார்.

"பரவால்ல அக்கா. தொறந்து ஒரு மணி நேரம் அப்டியே வுட்டுடுங்க. அப்பால குடிக்கலாம்."

நேரம் கடத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்போதே டம்ளரில் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் வாயெல்லாம் துவர்த்தது. இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"இன்னாங்க இது, கெட்டுப்போயி கீதே? எவனாச்சும் வேணான்னு தூக்கிப் போட்டதா?" என்று அவர் தாயார் முன்னாலேயே கேட்டேன்.

"இல்லக்கா" என்றார். ஒயினுக்கே பொய் சொல்கிற ஆள் வேறு எதற்குச் சொல்லமாட்டான்? வாசல்வரை போய், "யோசிச்சிச் சொல்றோம்" என்று வழியனுப்பினேன். அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். அந்தத் தாயாருக்கும் அது தெரியும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தங்கை, அவர் விட்டுப்போன பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மண்டியெல்லாம் அடியில தங்கிடுச்சி. மேலாப்புல ஊத்தினேன். குடிச்சிப் பாரு."

குடித்தேன். துவர்ப்பு அடங்கியிருந்தது. நாவல்பழ வாசனை வந்தது, கூடவே பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாசனையும். விழுங்கிய பிறகும் ருசி வாயிலேயே நின்றது. இனிப்பே இல்லை, ஆனாலும் இன்னொரு வாய் குடித்தேன். அப்படி ஒன்றை நான் அதற்கு முன் குடித்ததில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஒரு மணி நேரம்தானே கேட்டாரு" என்றாள் தங்கை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க மனம் வராமல், போன கிறிஸ்துமஸுக்குப் போட்டதில் மிச்சமிருந்த ஒயினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் கதவைத் திறப்பாரா என்றே சந்தேகம். திறந்தார். நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். என் பாட்டிலை ஆட்டாமல் டம்ளரில் சரித்து, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"நல்லா கீது அக்கா" என்றார். முகம் மாறவே இல்லை.

நானும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாய் வைத்தேன். சுத்தக் காடி. மூடி சரியாக இறுகாமல் எப்போதோ புளித்துப்போயிருக்கிறது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவள், கிளம்பும் அவசரத்தில் என் சரக்கை ருசி பார்க்கவில்லை.

அவரை நான் கையும் களவுமாகப் பிடித்த முதல் பொய் அதுதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம் என்று அவர் தாயாரிடம் சொன்னேன்.