அக்காவின் மணிப்பூக்கள்

என் அக்கா கண்ணாடி மணியும் கம்பியும் வைத்துப் பூச் செய்கிறாள். அதைப் பார்த்து யாராவது "நல்ல பொழுதுபோக்கு" என்றால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். போக்குவதற்கு அவளிடம் பொழுது எங்கே இருக்கிறது? காலையில் பல் ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி அடுக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், துணி. மிச்சமிருக்கும் நேரத்தில் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் பழைய துண்டை விரித்துக்கொண்டு உட்காருவாள். துண்டு இல்லாவிட்டால் அந்த மணிகள் ஓரிடத்தில் நிற்காது, கடுகு மாதிரி உருண்டு ஓடிவிடும். மெல்லிய கம்பியில் அவற்றைக் கோத்து, நடுக்கம்பியைச் சுற்றி வரிசை வரிசையாக வளைத்தால் ஓர் இதழ். அப்படிப் பல இதழ்களைச் சேர்த்து முறுக்கினால் ஒரு பூ. இரண்டு வரியில் நான் சொல்லிவிட்டேன். செய்கிறவளுக்குக் கழுத்து ஒடிந்துவிடும்.

அதிலும் அவள் ஒரு தனி வகை. கடைகளில் விற்கும் மணிப்பூக்கள் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி மினுமினுவென்று இருக்கும். அக்காவுக்கு அது ஆகாது. ஒரு நிஜ ரோஜாவை வாங்கி டம்ளரில் வைத்து, அது தலை தொங்கும் வரை தினமும் பார்ப்பாள். எந்த இதழ் முதலில் மடங்குகிறது, ஓரம் எந்த நிறத்தில் கருகுகிறது என்று பார்த்த பிறகுதான் மணி வாங்கவே போவாள். வெளி இதழின் ஓரத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத பழுப்பு மணி போடுவாள். ஏதாவது ஓர் இலையில் புழு கடித்த ஓட்டை வைப்பாள்.

"யாராவது ஓட்டை இலையை ஆசைப்பட்டு வாங்குவாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓட்டையே இல்லாத செடியை நீ பாத்திருக்கியா? போய்ப் பாத்துட்டு வந்து பேசு."

போய்ப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா, ஒரு மரச்சாமான் கடையில் விற்பனையாளர். நான் இருப்பதும் அவர்களோடுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். கால் ஆடுகிற நாற்காலியைக்கூட ஊஞ்சல் சுகம் என்று தள்ளிவிடுவார். அவர்தான் அக்காவின் ரோஜாக்களைக் கடைக்குக் கொண்டுபோய் மேஜைகள்மேல் வைத்தார். "நாலு பேர் பாக்கட்டுமே" என்றார். அக்காவுக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஓர் அலமாரி பார்க்கலாமென்று நான் அந்தக் கடைக்குப் போனேன். யாரோ ஒரு பெரியவர் குனிந்து ரோஜாவை மோந்து பார்த்துவிட்டு, அசடு வழிய நிமிர்ந்தார்.

"அடேங்கப்பா, நிஜப் பூன்னு நெனச்சேன். யாருங்க செஞ்சது?"

"வெளிநாட்டுச் சரக்கு சார். கப்பல்ல வருது" என்றார் மாமா.

கப்பலாம் கப்பல்! எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவர் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்த பூ அது. ஊரார் காதில் பூச் சுற்றுகிறார், அதுவும் அக்கா செய்த பூவை! அலமாரிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அலமாரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நேரே அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அன்று மாமா செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்தாள்.

"என்னங்க, யாராவது கேட்டா என் பொண்டாட்டி செஞ்சான்னு சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"வீட்ல செஞ்சதுன்னா எவன் மதிப்பான்? வியாபாரம் தெரியாம பேசாத."

"நான் வியாபாரமா கேட்டேன்? செஞ்சது யாருன்னு சொல்லச் சொன்னேன்."

"சரி சரி, சொல்றேன்."

அந்தச் "சரி சரி"யை எனக்குத் தெரியாதா? குழாய் ஒழுகுகிறது என்று சொன்னபோதும் அதே சரி சரிதான். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஒரு ஹோட்டல்காரர் அந்தப் பூக்களைப் பார்த்துவிட்டு, தன் மேஜைக்கெல்லாம் வேண்டுமென்று கேட்டார். எங்கிருந்து வரவழைக்கிறாய் என்று கடை முதலாளியம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். இல்லாத கப்பலுக்கு எந்தத் துறைமுகத்தைச் சொல்வது? அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "நான்தான் மேடம் செய்றேன். வீட்ல அவ கூடமாட உதவி பண்ணுவா."

முதலாளியம்மா விடுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார். அன்று காலையில்தான் மாமா அக்காவிடம் விஷயத்தை அவிழ்த்தார். "இன்னிக்கு ஒரு நாள் பேசாம இரு. மானம் போயிடும்." நானாக இருந்தால் கையில் இருந்த கரண்டி பறந்திருக்கும். அக்கா என்னடாவென்றால் மேஜையில் துண்டை விரித்து, மணிக் கிண்ணங்களை எடுத்து வைத்து, கம்பியையும் நறுக்கி வைத்தாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

முதலாளியம்மா வந்தார். மாமா கடையில் நிற்பதுபோலவே நின்றுகொண்டு பொழிந்து தள்ளினார். "இந்த ஓரம் கருகியிருக்கு பாருங்க மேடம், அதுக்குத் தனி மணி. இந்தப் புழு ஓட்டை இருக்கே, அது என் யோசனை."

அக்கா டீ டம்ளரை டொக்கென்று வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. மேடத்துக்கு ஒரு இதழ் போட்டுக் காட்டுங்க."

"இப்ப எதுக்கு..."

"போடுங்களேன், பாக்கலாம்" என்றார் முதலாளியம்மா.

மாமா உட்கார்ந்தார். அக்கா செய்வதைத் தினமும் பார்த்தவர்தானே, கம்பி முனையைக் கிண்ணத்துக்குள் விட்டுக் கிண்டினார். மணிகள் ஏறவும் ஏறின. அவருக்கே ஆச்சரியம். ஒரு சாண் நீளம் கோத்துவிட்டு, பெருமையாக அந்தக் கம்பியைத் தூக்கிக் காட்டினார். கோக்கும் முன் கம்பியின் மறுமுனையை மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணி நிற்காது. கம்பியை முதல்முதலாகத் தொடுகிற எல்லாரும் செய்கிற தப்புதான். அத்தனை மணியும் சரசரவென்று தரையில் கொட்டியது.

"கம்பி சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்து பொறுக்க ஆரம்பித்தார். நான் குனியப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூ யாரு செஞ்சதுன்னு மேடத்துக்குச் சொல்லுங்க."

"அவதான் மேடம்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"மேஜைக்கு அடியில சொன்னா எப்படிக் கேக்கும்? எழுந்து நின்னு சொல்லுங்க."

எழுந்தார். முழங்காலில் மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "எல்லாம் என் பொண்டாட்டி செஞ்சது மேடம். எனக்கு ஒண்ணும் தெரியாது."

முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா வெக்கம்?"

மாமா குனிந்து முழங்காலில் ஒட்டிய மணிகளைத் தட்டிவிட ஆரம்பித்தார். அக்காதான் சொன்னாள்.

"நான் செஞ்சேன்னு சொல்லத்தான் அவருக்கு வெக்கம் மேடம். தானே செஞ்சதாச் சொல்லிக்க வெக்கமே இல்ல."