தண்ணீர் குடிக்காத செவலை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவளைக் குதிரைக்காரர்கள் ‘கடைசி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பது கிலோமீட்டர் சவாரியில் எப்போதும் கடைசியாக வந்து சேர்பவள் அவள்தான். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு வருத்தம் இல்லை. கேலி செய்பவர்களிடம், கடைசிக்கும் ஒரு ஆள் வேண்டாமா என்று சிரிப்பாள்.

பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சவாரி போகிறாள். செவலை என்ற பெண்குதிரையோடு மட்டும் பதினோரு வருஷம். வழியில் மூன்று இடங்களில் குதிரை டாக்டர் நிறுத்திப் பார்ப்பார். நாடித்துடிப்பு அறுபத்துநாலுக்கு இறங்க வேண்டும், நடையில் நொண்டல் தெரியக் கூடாது. செவலையை ஒருமுறைகூட யாரும் திருப்பி அனுப்பியதில்லை. பழைய ஆட்களுக்கு அதுதான் பெருமை. யார் முதலில் வந்தது என்று அவர்களில் யாரும் கேட்பதில்லை.

புதிதாக வந்தவர்கள் குதிரையின் நெஞ்சில் துடிப்பு பார்க்கும் பட்டையைக் கட்டி, போனில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பொல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. குதிரையை அவளைவிட நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். ஒருத்திக்காக இத்தனை பேர் சாயங்காலம்வரை காத்துக்கிடப்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அவர்களில் வேகமானவள் ஒரு இளம் பல் டாக்டர். சவாரிச் சங்கக் கூட்டத்தில் அவள்தான் எழுந்து, சவாரியை முடிக்கும் பன்னிரண்டு மணி நேரக் கெடுவை ஒன்பதாகக் குறைக்கலாம் என்றாள். கை தூக்கச் சொன்னார்கள். செவலைக்கு இத்தனை வருஷமும் லாடம் அடித்தவர்கூட, கடைசி அக்காவின் பக்கம் பார்க்காமல் கையைத் தூக்கினார்.

இதோடு விட்டுவிடலாமே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை ஒன்பது மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினால் போதும் என்றாள்.

அடுத்த சவாரி நல்ல வெயிலில் வந்தது. பதினோரு வருஷத்தில் முதன்முறையாக அவள் செவலையை விரட்டினாள். இரண்டாவது நிறுத்தத்தில் துடிப்பு தட்டுத்தடுமாறி அறுபத்துநாலுக்கு வந்தது. அங்கே காத்திருந்த கணவர் தண்ணீர் வாளியை நீட்டினார். செவலை மூக்கை நனைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் குடித்ததா என்று டாக்டர் கேட்டார். குடித்தது என்றாள். கணவர் வாளியைப் பார்த்தபடி நின்றார்.

அறுபத்தெட்டாவது கிலோமீட்டரில் செவலை நின்றது. பின்னங்கால்கள் வெடவெடக்க, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு படுத்துவிட்டது. தன் குதிரையின் லாடம் கழன்றதால் தாமதமாகக் கிளம்பிய பல் டாக்டர் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் குதித்து இறங்கினாள். போனில் குதிரை டாக்டரை வரச் சொன்னாள், தன் பாட்டில் தண்ணீரையெல்லாம் செவலையின் கழுத்தில் ஊற்றினாள். தன்னுடைய கெடு தாண்டிப் போவதை அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“என் முதல் சவாரியில நீங்கதானே சொன்னீங்க, குதிரை தண்ணியைத் தொடலைன்னா மேல போகாதேன்னு,” என்றாள். “இது குடிச்சுதாக்கா?”

“குடிக்கல.”

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன்மா. பார்த்துட்டுத்தான் ஏறினேன்.”

அந்தப் பெண் குனிந்து செவலையின் கழுத்தைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது கடைசி அக்காவுக்கு.

டாக்டர் வந்து மருந்து ஏற்றினார். குடல் அசைவே நின்றுபோயிருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, இனி வேதனைப்பட வைக்க வேண்டாம் என்று சொல்லி ஊசி போட்டார். அவள் செவலையின் தாடையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

பல் டாக்டரே மறுபடி கூட்டம் போடச் சொல்லி, கெடுவைப் பழையபடி பன்னிரண்டு மணி நேரமாக மாற்ற வைத்தாள். புதியவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்களாம். லாடக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார், தன்மேல்தான் தப்பு என்று அழுதார். அவர் கை தூக்கியது அவர் பாடு, பொய் சொன்னது தன் வாய்தான் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

கணவர் அந்த வாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள், மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாகச் சலவைக்கூடத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள். லீவு நாளில் எதற்கு என்று மேற்பார்வையாளர் கேட்டதற்கு, வீட்டில் செய்ய ஒன்றுமில்லை என்றாள்.