கைக்கணினிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள்

மாகினோ இசாவோ கியோத்தோவில் ஊறுகாய்க் கடை வைத்திருந்தார். முள்ளங்கியோ கத்தரிக்காயோ, உப்புப் போட்டுப் பீப்பாயில் திணித்துக் கல்லை வைத்து அமுக்குவதில் மனிதர் சூரர். மனசில் உள்ளதையும் அப்படியே அமுக்கி வைத்துத்தான் நாற்பத்திரண்டு வயதுவரை கல்யாணமாகாமல் நின்றார். வந்தவரைக் 'கிளம்புங்கள்' என்று சொல்ல அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பாவம், அவரை மட்டும் சொல்வானேன், ஊரே அப்படித்தான். விருந்தாளி எழுந்திருக்கிற வழியைக் காணோம் என்றால், 'ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்பார்கள். கேட்டதும் அவர் எழுந்து செருப்பைத் தேடுவார்.

எதிரே மின்சாமான் கடையில் தொமோயோ வேலை பார்த்தாள். அவளோடு நாலு வார்த்தை பேசக் காரணம் வேண்டுமே என்று மாகினோ ஒரு கைக்கணினி வாங்கினார். சந்தேகம் கேட்கிற சாக்கில் தினமும் போய் நிற்பார். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கமாட்டார்.

இந்த நிலையில் நகோயாவிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். மாகினோ, சொல்ல வேண்டியதையெல்லாம் கைக்கணினியில் எழுதிவைத்துக்கொண்டு, பார்த்துப் படித்துவிடலாம் என்ற தைரியத்தில் அவளைத் தன் கடைக்கு வரச் சொன்னார்.

அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தார் குரோதா. வடகோடி ஹொக்காய்தோக்காரர், கியோத்தோவின் சுற்றுப்பேச்சு பிடிபடாதவர், காப்பீடு விற்பவர். ஒட்டிக்கொண்டால் அட்டைதான்.

"ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிடுறீங்களா?" என்றார் மாகினோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அடடே, கொண்டாங்க! ஊறுகாயும் ரெண்டு துண்டு வைங்க!"

மூன்றாவது கிண்ணத்தில் அவர் கைவைத்தபோது தொமோயோ உள்ளே வந்தாள்.

"என்னமோ படிச்சுக் காட்டணும்னீங்களே, மாகினோ சான்?"

மாகினோ கைக்கணினியைத் தட்டினார். 'நினைவகம் போதவில்லை' என்றது. மறுபடி தட்டினார். மறுபடி அதே பல்லவி. 

"இப்படிக் குடுங்க," என்று அவள் வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்குள்ள இருக்கிறது ஒரே கூடம். நடுவுல நகர்த்துற தடுப்பு. ஒரு பக்கம் சாமான் அடுக்க, ஒரு பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்க. நீங்க தடுப்பைத் தள்ளித் தள்ளி, சாமானுக்கே முக்கால்வாசி இடத்தைக் குடுத்திருக்கீங்க."

"மிச்ச இடம் இருக்கே?"

"அதுலதான் சீட்டாட்டம், அகராதி, மீன்பிடி நேரம் காட்டுறது எல்லாம் உட்கார்ந்திருக்கே."

"அதெல்லாம் அப்பவே மூடிட்டேனே! மூலையில பெருக்கல் குறியை அமுக்கினேனே!"

"அமுக்கினா அதுங்க போயிடாது. கண்ணுல படாம பின்னால போய் உட்கார்ந்துக்கும். ஒவ்வொண்ணா பேர் சொல்லி, வெளிய போன்னு சொல்லணும்."

"மூஞ்சிக்கு நேராவா?"

"பின்ன?"

 "இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா?" என்று குரோதா கிண்ணத்தை நீட்டினார். அவ்வளவுதான், எந்தக் கல் எங்கே உருண்டதோ.

"குரோதா சான்! எந்திரிங்க! வெளிய போங்க! நான் இந்தப் பொண்ணுகிட்ட, என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கணும்!"

 சொன்னது தன் வாய்தானா என்று மாகினோவுக்கே நம்பிக்கை இல்லை. குரோதா கையில் கிண்ணத்தோடு பாதி எழுந்து நின்றார்.

தொமோயோவின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"நீங்க உட்காருங்க, குரோதா சான்," என்றாள். "கல்யாணத்தைப் பதியறதுக்கு ரெண்டு சாட்சி வேணும். இன்னொருத்தரை எங்கயாவது போய்ப் பிடிங்க, மாகினோ சான்."