சாம்பலோடு போன கம்பி

1. எது முதல்?

ஸ்ரெல்லா அக்கா என் அலுவலகக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கைகளிலும் விரல் நுனி தெரியாமல் கட்டுப் போட்டிருந்தது. மன்னார் ஆள். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், வயோதிபரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, பாதி ஆயுளைக் கழித்தவர். நான் அதே ஊரில் அட்வொகாட், அதாவது வழக்கறிஞர். நட்டஈட்டு வழக்குகள்தான் என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வசந்தத்தில் மழை பெய்யவே இல்லை. நகரத்துக்கு வெளியே, புதர் மண்டிய பற்றைவெளியின் ஓரத்தில் அவரும் கணவரும் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். மற்ற இடங்களில் மின்கம்பியை எப்போதோ நிலத்துக்குள் புதைத்துவிட்டார்கள். அந்த ஒழுங்கையில் மட்டும் மரக்கம்பங்கள் மிஞ்சியிருந்தன. காற்று ஊதிய ஒரு மத்தியானம் வெளியே ஏதோ வெடித்த சத்தம் கேட்டு அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். முற்றத்தில் கம்பி அறுந்து கிடந்தது. புல் எரிந்துகொண்டிருந்தது. கோழிகளைத் திறந்துவிடப் போய்க் கூட்டின் நெருப்பில் பழுத்திருந்த இரும்புக் கதவைப் பிடித்தார். கை இரண்டும் வெந்துபோயின. வீட்டின் பாதியும் பற்றைவெளியும் எரிந்தன.

கம்பி அறுந்ததால்தான் நெருப்பு என்றார் அக்கா. எங்கிருந்தோ வந்த நெருப்புத்தான் கம்பியை அறுத்தது என்றது மின்சாரக் கம்பனி. காரணம் தெரியவில்லை என்று பொலிஸ் எழுதிவிட்டது.

2. இருந்த வழிகள்

வீட்டுக்குக் காப்புறுதி இருந்தது, அதனால் சுவரும் கூரையும் பிரச்சினை இல்லை. கைகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. விபத்துக் காப்புறுதி அவரிடம் இருக்கவில்லை. பட்ட வலிக்கும், இழந்த சம்பளத்துக்கும், இனித் திரும்பாத கைகளுக்கும் கம்பனியிடம்தான் கேட்கலாம். ஆனால் இங்கே 'எனக்கு அநியாயம் நடந்தது' என்றால் போதாது. கம்பனி தவறியது என்றும், அந்தத் தவறால்தான் கை வெந்தது என்றும் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்கவும் வழி உண்டு. வழக்குப் போடுமுன்னரே நீதிமன்றத்திடம் கேட்டு, இரு பக்கமும் சாராத ஒரு நிபுணரைக் கொண்டு பொருளைப் பரிசோதிக்கலாம். வழக்குச் செலவின் பெரும்பகுதியை வீட்டுக் காப்புறுதியின் சட்ட உதவிப் பிரிவிடம் கேட்கலாம். வருமானம் குறைந்தவருக்கு அரசு உதவியும் உண்டு. காலக்கெடு உண்டு, அதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு.

நிபுணரோடு பேசினேன். கம்பியின் அறுந்த நுனி இருந்தால் போதும் என்றார். மின்பொறியில் உருகிய நுனி ஒருமாதிரி, வெளிநெருப்பில் வெந்த நுனி வேறுமாதிரி இருக்குமாம். எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அக்காவை அழைத்து, முற்றத்தில் ஒன்றையும் தொடவேண்டாம் என்றேன்.

"அதெல்லாம் துப்புரவாக்கியாச்சுத் தங்கச்சி," என்றார் அவர். "எங்கட சங்கத்து ஆக்கள் வந்து சிரமதானம் செய்து தந்தவை."

3. சிரமதானம்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் குலம் அண்ணை. தொழிற்சாலை வேலை. பிரெடெரிசியாவில் சாவீடு என்றாலும் புரொண்பியில் கலியாணம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சனிக்கிழமை லீவைப் பாராமல் ஒரு பட்டாளத்தையே கூட்டிப் போயிருக்கிறார்.

"ஒரு தூசி விடேல்லை, தங்கச்சி. அந்த மனிசி கட்டோட வந்து கரியைப் பாத்து அழக்கூடாது எண்டுதான்," என்றார். பிறகு குரல் சற்றுத் தணிந்தது. "அயலட்டை டெனிஷ் சனமும் பாக்குதெல்லே."

கம்பி எங்கே என்று கேட்டேன். தானே சுருட்டி ட்ரெய்லரில் போட்டாராம். கொமூனின், அதாவது நகரசபையின், கழிவு நிலையத்தில் இரும்பு வேறு, மரம் வேறு, கண்ணாடி வேறு என்று பிரித்தும் போட்டிருக்கிறார்கள். நம்முடைய ஆட்கள் டென்மார்க்கின் சட்டத்தை அன்றுபோல் என்றும் மதித்ததில்லை. நான் விசாரித்தபோது அந்த உலோகம் உருக்கப் போய்விட்டது. எரிந்த கம்பத்தைக் கம்பனி ஏற்கெனவே மாற்றியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? உதவிக்கு வந்தவர்களை ஏசினால் வாய் அழுகிப்போகும்.

4. குலம் அண்ணையின் சாட்சி

இருந்தும் வழக்கைப் போட்டேன். கம்பியைக் கண்ணால் கண்டவர்கள் வந்து சொன்னால் ஏதோ கொஞ்சம் பிடிமானம் என்று நினைத்தேன். மண்வெட்டியோடு வந்த பட்டாளத்தில், எங்களுக்கேன் கோடு கச்சேரி என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். குலம் அண்ணை மட்டும் கோட்டும் ரையுமாக வந்தார்.

கம்பனியின் வழக்கறிஞர் மரியாதையான மனிதர். கம்பியின் நுனி எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். பொய் சொல்லியிருந்தால் மறுப்பதற்கு அங்கே கம்பி இல்லை. குலம் அண்ணைக்கும் அது தெரியும். நான் பார்க்கவில்லை, வேலையை முடிக்கும் அவசரத்தில் சுருட்டிப் போட்டுவிட்டேன் என்று டெனிஷில் சொன்னார்.

வழக்குத் தோற்றது. தீர்ப்பு வந்த அன்று நாங்கள் மூவரும் நீதிமன்ற வாசலில் நின்றோம். வெளியே குளிர். குலம் அண்ணை, தன்னால்தான் எல்லாம் என்று தொடங்கினார். அக்கா விடவில்லை.

"அண்ணை, நாளைக்கு ஆரின்ட வீடு எரிஞ்சாலும் நீங்கள் போகாமல் விடக்கூடாது," என்றார்.

குலம் அண்ணை குனிந்து, அக்காவின் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டார். அக்காவால் அதை இனிப் பூட்ட முடியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிள்ளைகளே, சட்டப் புத்தகத்தை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்வது இதுதான்: உதவிக்கு ஓடும் நம் ஆட்களிடம், எரிந்த வீட்டுக்குச் சோறும் உடுப்பும் கொண்டு போகச் சொல்லுங்கள். படம் எடுக்கச் சொல்லுங்கள். நிபுணர் பார்த்து முடியும்வரை சாம்பலை அள்ள விடாதீர்கள்.

போன மாரிக்குளிரில் பிரெடெரிசியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு எரிந்தது. குலம் அண்ணை அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தார்.

"எல்லாரும் வந்து நிக்கிறம், தங்கச்சி. ஒருத்தரும் ஒண்டிலயும் கை வைக்கேல்லை. எப்ப தொடலாம் எண்டு நீங்கள் சொல்லுங்கோ."