சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு குதிரை

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுக் கப்பலேறிய வருடம் துறைமுகத்தில் எல்லோரும் அவர்களிடம் ஏதாவது வாங்கினார்கள். கெட்டிக்காரர்கள் கதிரை, அலுமாரி என்று வாங்கினார்கள். நான் ஒரு குதிரை வாங்கினேன்.

அதற்கு எனக்கு நியாயம் இருந்தது. வீடு உப்புவெளியில். ஆசிரியர் வேலை சல்லிக் கரையிலிருந்த பள்ளிக்கூடத்தில். கடற்கரை மணலில் சைக்கிளை நான் ஓட்டியதைவிடத் தூக்கிக்கொண்டு நடந்ததே அதிகம். பள்ளிக்கூடத்திலோ தலைமை ஆசிரியர் சரியாக எட்டு மணிக்கு வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவன் பிந்தி வந்தவன். அந்தப் பள்ளித் தவணையில் நான் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கல்விக் கந்தோருக்கு எழுதுவேன், மலைநாட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குக் குளிர் ஆகாது.

முதலில் தார் ரோட்டில்தான் போனேன். லொறிக்காரர்கள் குதிரையைக் கண்டால் வேண்டுமென்றே ஹோர்ன் அடிப்பார்கள். இரண்டாம் நாளே அது மிரண்டு என்னை மதகுக்குள் கவிழ்த்துவிட்டது. ஆகவே கடற்கரைப் பாதைக்கு மாறினேன். கிராமச் சபையின் பழைய வரைபடத்தில் அதற்குக் ‘குதிரைப் பாதை’ என்றே பெயர் போட்டிருந்தது. ஒரு மாதம் ராசா மாதிரிப் போய்வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்களுக்குக் கிடைக்கும் பணிஸ் ரொட்டியில் ஆளுக்கொரு துண்டு பிய்த்துக் கொடுத்ததால் குதிரைக்கும் பள்ளிக்கூடம் பிடித்துப்போயிற்று.

மாரி முடிந்து கடல் அடங்கியதும் கரைவலை தொடங்கியது. கடலில் வளைத்துப் போட்ட வலையை ஏழு மணிக்குக் கரையில் நின்று இழுக்கத் தொடங்குவார்கள். கடலிலிருந்து வரும் கயிறு பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தென்னந்தோட்டத்து முள்ளுக்கம்பி வரை போகும். பதினைந்து பேர் அதை இடுப்புயரத்தில் பிடித்து இழுப்பார்கள். கயிற்றை யாரும் தாண்டக்கூடாது, தாண்டினால் மீன் விழாது என்பது கரையின் வழக்கம். நடந்து போகிறவர்கள் குனிந்து கீழால் போவார்கள். குதிரைக்குக் குனியத் தெரியாது. எனக்குக் குனிய மனமில்லை.

“ஒருக்காக் கயிறைப் பதியுங்கோ, போயிடுறன்,” என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் கேட்டேன்.

“தாண்டிப் போறதோ? ஏலாது, மாஸ்ரர். வலை கரைக்கு வரட்டும்.”

வலை கரைக்கு வர எட்டரை ஆகும். மூன்று நாள் பொறுத்தேன். மூன்று நாளும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. நான்காம் நாள் கோபம் தலைக்கேறி, குதிரைச் சவாரிக்காரனின் உரிமைகள் பற்றிக் கிராமச் சபைக்கு நான்கு பக்கத்தில் ஒரு முறைப்பாடு எழுதினேன்.

சபைத் தலைவர் வரைபடத்தோடும் அளவு நாடாவோடும் கரைக்கு வந்தார். சம்மாட்டியார் வரைபடத்தை மரியாதையாகப் பார்த்தார்.

“குதிரைப் பாதையெண்டு போட்டிருக்கு, ஓம். குதிரை போகட்டும். ஆர் மறிச்சது?”

தலைவர் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். பாதையின் இரு பக்கமும் நுனி இரண்டாகப் பிரிந்த உயரமான கவர்த்தடி நடுவது. குதிரை வரும்போது கயிற்றை அதன்மேல் தூக்கிவைப்பது. குதிரை கீழால் போகும், வழக்கமும் கெடாது. நான் கடிவாளத்தைப் பிடித்தபடி சட்டம் பேசிக்கொண்டிருக்க, குதிரையைக் காதுவரை அளந்து, அதற்குமேல் ஒரு சாண் கூட்டித் தடி வெட்டினார்கள். கூடியிருந்த இருபது பேரில் ஒருவருக்கும், முறைப்பாடு எழுதிய எனக்கும்கூட, குதிரையின்மேல் ஒருவன் இருப்பான் என்பது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை வெற்றி பெற்றவனாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். சொன்னபடி கயிறு தடிக்கு ஏறியது. குதிரை தாராளமாகக் கீழால் போனது. கயிறு என் நெஞ்சில் பிடித்தது. இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டேன். குதிரை எனக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு, திரும்பியும் பாராமல், பணிஸ் இருக்கும் திக்கில் போய்விட்டது. சிரித்தால் கயிறு தளரும் என்று பதினைந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒருவழியாக மணலில் குதித்தேன். போகவிட்டால்தானே!

“கயிறிலை கை வைச்சிட்டீங்கள், மாஸ்ரர்,” என்றார் சம்மாட்டியார். “வலை வரும்வரைக்கும் கையை எடுக்கிறதில்லை. கரைக்கு வந்தால் உங்களுக்கும் கறிக்கு மீன் இருக்கு.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இழுத்தேன். எட்டரைக்கு வலை வந்தது. ஈர்க்கில் கோத்த ஒரு கோர்வை மீனை என் கையில் தந்தார்கள். உள்ளங்கை எரிய, உடம்பெல்லாம் மணலாக, மலைநாட்டுக் குளிரை நினைத்தபடி பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தலைமை ஆசிரியரின் யன்னலுக்கு வெளியே குதிரை நின்று பணிஸ் தின்றுகொண்டிருந்தது. அவர் வரவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு வரி வெறுமையாக இருந்தது.

“குதிரை எட்டுக்கு முன்னமே வந்திட்டுது. அதுக்குக் கையெழுத்து வைக்க ஏலாது. நீங்கள் வையுங்கோ.”

என் கையிலிருந்த மீனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னேரம் அதில் பாதி அவர் வீட்டுக் குசினிக்குப் போனது வேறு கதை.

அதற்குப் பிறகு ஒழுங்கு இதுதான். கவர்த்தடிக்கு வந்ததும் நான் இறங்குவேன். குதிரை தன் பாதையில் தனியே போகும். நான் வலை இழுத்துவிட்டு மீனோடு பிந்திப் போய், கோட்டுக்கு மேலே கையெழுத்து வைப்பேன். மலைநாட்டு மாற்றம் பற்றிய பேச்சே இல்லை.

ஒருநாள் குதிரையின் குளம்பில் முள் ஏறிவிட்டது. அதைக் கொட்டிலில் விட்டுவிட்டு, வலை இழுக்கத் தொடங்கும் முன்பே கரையால் நடந்து, ஏழரைக்கே போய்ச் சேர்ந்தேன். என் சொந்தக் காலில், நேரத்துக்கு முன்னதாக! பெருமையோடு தலைமை ஆசிரியரின் மேசை முன்னால் நின்று பேனாவை எடுத்தேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு யன்னலால் எட்டிப் பார்த்தார். எட்டு மணிவரை பார்த்தார். பிறகு அடிமட்டத்தை வைத்துச் சிவப்புக் கோட்டை இழுத்தார்.

“சேர், நான் வந்திட்டனே,” என்றேன்.

“நீங்கள் வந்திட்டீங்கள், ஓம்,” என்றார். “குதிரை இன்னும் வரேல்லையே.”

கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.