லிங்கம் கடைச் சீனாச் சேமியா

உலகத்தில் இதுவரை மாவு பிசைந்த அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தினால், முதல் ஆளாக நிற்பவர் எங்கள் ராயபுரம் லிங்கம்தான். அவர் இழுத்த சேமியாவின் ஒரு நுனியைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு மறு நுனியோடு நடந்தால், எண்ணூர் தாண்டிய பிறகும் கையில் மிச்சம் இருக்கும். கிரேன் சங்கிலி போதாவிட்டால் கப்பல்காரர்கள் அவரிடம்தான் ஆள் அனுப்புவார்கள். நம்பாதவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

அவருடைய சொந்தப் பெயர் லிங். எங்கள் வாய்க்கு அது அரைகுறையாக இருந்ததால் ஒரு 'கம்' சேர்த்து முழுசாக்கிவிட்டோம். ரங்கூனில் பிறந்த சீனர். நாற்பத்திரண்டில் அங்கே ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது தமிழ்க் குடும்பங்களோடு காடும் மலையுமாக நடந்து மெட்ராஸ் வந்தார். அவருடைய தமிழில் பாதி அந்த வழியில் கற்றது, மீதி துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கற்றது. அதனால் திட்டுகிற வார்த்தைகள் மட்டும் சுத்தமாக வரும். எட்டு வருஷம் மூட்டை தூக்கிய பிறகு, கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சு போட்டுக் கடை திறந்தார். கையால் இழுத்த சேமியா, இறால் போட்ட சூப்பு. வேறு எதுவும் கிடையாது.

திறந்த ஒரு வாரத்தில் ஒரு புரளி. அது சேமியாவே இல்லை, எண்ணூர் கழியில் தோண்டிய புழு என்று. தூண்டிலில் புழு மாட்டுகிறவர்கள் நிறைந்த ஊரில் இதைவிட மோசமான செய்தி வேண்டுமா? கிளப்பியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். சும்மா சிரிப்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. ஒரே பகலில் காசிமேடு போய்த் திரும்பிவிட்டது.

பத்து நாளாகப் பெஞ்சு காலி. வெள்ளிக்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, எங்க பயணம்?"

"கல்கத்தா. நாளிக்கி கப்பலு. தம்பி கீறான் அங்க. இன்னிக்கி மாவோட கடைய மூடிடுவேன், பாஸ்கரு. இங்க எவன் துன்றான்?"

அங்கிருந்து நேராகக் காசிமேட்டுக்கு ஓடினேன்.

தொடையில் வைத்துத் தூண்டில் நூல் முறுக்குவதில் கோதண்டத்தை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

"மாமு, அந்த லிங்கம் உன்னவிட நீட்டா நூலு இழுப்பாராம். அதுவும் மாவுல."

"எவன்டா சொன்னது?"

"அவரேதான்."

பொய்யில் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. கோதண்டம் பத்து பேரோடு வந்து நின்றார்.

"ஏ லிங்கம்! புழுவா நூலான்னு இப்பத் தெரிஞ்சிக்கினு போறேன். இழு!"

லிங்கம் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் மாவை எடுத்துக் கை அகல விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டாகி, பலகையில் அடிக்க அடிக்க எண்ண முடியாத இழைகள் ஆயின.

"யோவ், மெதுவாய்யா! பெருகிடப் போவுது!" என்று கோதண்டம் கத்தினார்.

கடலுக்குப் போகிறவர்கள் நூல் 'அறுந்தது' என்று சொல்ல மாட்டார்கள். தாலிக்குச் சொல்வதுபோல் 'பெருகிடுச்சி' என்பார்கள். அந்த வார்த்தை மாவுக்குக் கிடைத்ததும் எனக்கு உயிர் வந்தது.

"எங்க ஜனத்துலயும் அப்பிடித்தான்," என்றார் லிங்கம். "பொறந்த நாளு சேமியா பெருகக் கூடாது. கடிக்காம உறியணும். ஆயுசு கெட்டி."

கோதண்டம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "புழுவுக்கு எவன்டா இம்மாம் மருவாதி குடுப்பான்? இது நூலுடா!"

கிண்ணம் வந்தது. ஓர் இழையை உதட்டில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார். முடிகிற வழியாக இல்லை. மூச்சு முட்ட, கிண்ணத்தைக் கீழேயே விட்டுவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். வலை இழுக்கிற ஜனம் சும்மா இருக்குமா? "ஐலசா! ஐலசா!" கடைசி நுனி அவர் மீசையில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போனது. தெருவே கைதட்டியது. அப்புறம் ஆளுக்கொரு கிண்ணம்.

"நாளிக்கி எத்தினி மணிக்குக் கடை?" என்று கேட்டார் கோதண்டம்.

"நாளிக்கி கப்பலு..." என்று இழுத்தார் லிங்கம்.

"கப்பல் அதும்பாட்டுக்குப் போவட்டும். நாளிக்கி என் புள்ளைக்குப் பொறந்த நாளு."

"போன மாசந்தானே வந்துச்சி?" என்றார் ஒருவர்.

"இன்னொரு தபா வருதுய்யா!"

லிங்கம் சிரித்துக்கொண்டே பெட்டிக் கயிற்றை அவிழ்த்தார். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் இறாலை மட்டும் பொறுக்கித் தின்றிருந்தேன்; சேமியா என் கண்ணுக்கு நெளிகிற மாதிரியே இருந்தது.

"சூடு ஆறட்டும்னு..." என்றேன்.

"ஆறி ஐஸாயிடுச்சி." கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "அல்லாரும் துன்னுட்டான். பயப்படறவன் நீ ஒருத்தந்தான். புழுன்னு சொன்னவன் நீதானேடா, பாஸ்கரு?"