மூன்றாவது ஆள்

"எனக்கும் இந்த மெஷினுக்கும் நடுவுல மூணாவது ஆளே வேண்டாம்!" என்று ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் முழங்கினார் லேசர்காரர். அதை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டவர் கத்தி அக்கா.

புற்றுநோய்க் கட்டியோடு எடுத்து உறையவைத்த திசுவை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டித் தருவது அக்காவின் வேலை. அதைப் புள்ளி புள்ளியாக லேசரால் சுட்டு, எந்த மூலக்கூறு எங்கே குடியிருக்கிறது என்று படம் எடுப்பது இவர் வேலை. அக்கா சும்மா தந்துவிட்டுப் போகமாட்டார். குளிர்ந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால் மாமியார் கதைதான்.

"புள்ளிய செல்லைவிடச் சின்னதாக்கப் போறேன். ஆள் நடந்தாலே படம் ஆடும். பெட்டிய வாசல்லயே வச்சிட்டுப் போங்கக்கா."

அக்கா ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அன்று முதல் லேசர்காரர் சக்கரவர்த்தி, குடிமக்கள்தான் இல்லை. அவர் இருமினால் பதிலுக்கு இரும மெஷினின் வெற்றிடப் பம்ப் மட்டுமே இருந்தது. சோற்றுப் பொட்டலத்தை அதன் பக்கத்தில் பிரித்தார். வீட்டிலோ பம்ப்கூட இல்லை.

புள்ளி சிறுத்தது. படமோ ஈரத்தாளில் விழுந்த மையாய்ப் பரவியது. லிஃப்டைத் திட்டினார், மாடிக்காரர்களைத் திட்டினார், கடைசியில் தம் மூச்சையே சந்தேகித்தார்.

"இந்த வாரமும் கட்டியோட எல்லை தெரியலேன்னா மெஷினை வேற கூடத்துக்குக் குடுத்துருவேன்," என்றார் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர்.

மறுநாள், வாசலில் வைத்த பெட்டியை எடுத்த எடுப்பில் திறந்தார். சில்லு முழுக்கப் பனித்துளி! அந்த ஈரத்தில் கரைந்துதான் மூலக்கூறுகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தன. குளிர் விடும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர்தான். ஆனால் அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை; மாமியார் கதை முடிவதற்குள் குளிர் தானே விட்டிருக்கும்.

மாடி ஏறினார்.

"என்ன தம்பி, என் செருப்புச் சத்தம் கீழ வரைக்கும் கேக்குதா?"

"இல்லக்கா... புதுசா ஒண்ணு சீவித் தாங்க. அந்த ஸ்டூலைக் குடுங்க, நான் தூக்கிக்கறேன்."

அன்றைய படத்தில் கட்டியின் எல்லை மயிரிழையாய்த் தெளிந்தது. மெஷின் தப்பியது.

அடுத்த நாளும் அக்கா பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். கதை பாதியில் நின்றது.

"குளிர் விட்டுருச்சு தம்பி, பெட்டியத் திறங்க."

"இருக்கட்டும்க்கா," என்று தம் நாற்காலியை ஸ்டூல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்புறம் மாமியார் என்ன சொன்னாங்க?"